மாமா வீட்டு டிவிக்கு 4கே பிளான் வேணுமா?

குழு: நம்ம குடும்பம்

குளச்சல் மாமா, இரவு 7:52
மக்களே, ஒரு காரியம் கேக்கணும். போன வாரம் டிவி எடுத்தோம் இல்லியா, 55 இஞ்சு. கடையில சொன்னாவ, இது 4கே டிவி, நெட்ஃபிளிக்ஸ்ல 649 ரூவா பிளான் போட்டாத்தான் முழுத் தெளிவும் கெடைக்கும், நெட்டு வேகத்தையும் 300 எம்பிபிஎஸ்சுக்கு மாத்தணும்னு. இப்போ 499 பிளான்தான், நெட்டு 100. மாத்தட்டா?

துபாய் அண்ணன், 7:55
மாத்துங்க மாமா. எனக்க பிளாட்டுல 65 இஞ்சுல 4கேலதான் பாக்கது. அதுல பாத்துப் பழகினா பொறவு வேற ஒண்ணும் பிடிக்காது.

சுங்கான்கடை சித்தி, 7:56
மாசம் 150 ரூவாதானே கூடுதல். நல்ல டிவி எடுத்திட்டு அதுக்கு யோசிக்கியளா?

நான், 8:01
மாமா, இன்னைக்கு ஒண்ணும் மாத்தாண்டாம். எனக்க வேலையே இதுதான், தெனமும் நாலு வீட்டுல நெட்டு இழுக்கேன், இதே கேள்விய எல்லாரும் கேக்காவ. வீட்டுல டேப்பு இருக்கா? சோபாவுல ஆளு இருக்க எடத்துல இருந்து திரை வரை அளந்து சொல்லுங்க.

குளச்சல் மாமா, 8:09
11 அடி. மாமி ஒரு பக்கம் பிடிச்சா.

நான், 8:17
செரி. கணக்கு சொல்லுதேன், பொறுமையா வாசிங்க.

எச்டி படம்னா குறுக்க 1920 புள்ளி, நெடுக 1080. 4கேன்னா 3840க்கு 2160. மொத்தம் பாத்தா நாலு மடங்கு புள்ளி, 80 லட்சத்துக்கு மேல. இது உண்மைதான், கடையில சொன்னதுல பொய்யில்ல. ஆனா அந்தப் புள்ளி நம்ம கண்ணுக்குத் தெரியணும் இல்லியா? 55 இஞ்சு டிவியில எச்டி படத்துக்க ஒரு புள்ளி ஏறக்குறைய 0.63 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள ஆளுக்கு 10 அடி தூரத்துல 0.9 மில்லிமீட்டருக்குக் கீழ உள்ளத தனித்தனியா பிரிச்சுப் பாக்க முடியாது. அப்போ 11 அடியில எச்டிக்க புள்ளியே ஒண்ணோட ஒண்ணு சேந்துதான் தெரியும். அத இன்னும் நாலா ஒடைச்சா என்ன, ஒடைக்காட்டி என்ன?

55 இஞ்சுக்கு 4கே வித்தியாசம் தெரியணும்னா 7 அடிக்கு உள்ள வரணும். 43 இஞ்சுக்கு அஞ்சரை அடி. அண்ணனுக்க 65 இஞ்சுக்கு எட்டு, எட்டரை அடி.

துபாய் அண்ணன், 8:20
எனக்க சோபா ஆறு அடியிலதான் கெடக்கு. ரூம் அவ்வளவுதான்.

நான், 8:21
அப்போ ஒங்களுக்கு அது கொள்ளாம் அண்ணே, நீங்க குடுக்க பைசாவுக்கு கண்ணு பலன் பாக்குது. மாமா வீட்டு ஹால் நீளமானது. அவ்வளவுதான் காரியம்.

நாகர்கோவில் தம்பி, 8:24
அண்ணே, புள்ளிக் கணக்கு மட்டும் வச்சுப் பாத்தா போதாது. 4கே ஸ்ட்ரீம்ல டேட்டா கூடுதலா வரும். இருட்டு சீன்ல, கடல் தண்ணி, பொகை எல்லாம் வரும்போ கட்டம் கட்டமா ஒடையது கொறையும். அது 11 அடியிலயும் தெரியும். பின்ன எச்டிஆர், அதாவது வெளிச்சமும் இருட்டும் இன்னும் எடுப்பா தெரியுத முறை. 649 பிளான்லதான் அதும் வருது.

நான், 8:30
நீ சொல்லது ரெண்டும் செரி. 4கேக்கு பைசா குடுக்கதுல எனக்கு மரியாதை உள்ள காரணம் இந்த ரெண்டும்தான், புள்ளி எண்ணிக்கை இல்ல. ஆனா எச்டிஆர் ஒழுங்கா தெரியணும்னா திரைக்கு வெளிச்சம் வேணும். அந்தப் படங்கள 1000 நிட்டு (திரை வெளிச்சத்துக்க அளவு), அதுக்கு மேலயும் உள்ள திரையில வச்சு சரிபண்ணுதாவ. மாமா எடுத்த வெலையில உள்ள டிவி பெரும்பாலும் 300 கிட்ட நிக்கும். எச்டிஆர்னு மூலையில எழுத்து வரும், ஆனா வெயில்ல மின்னுத தகடு மின்னாது. சில டிவியில படம் இன்னும் இருட்டாவே போவும்.

கட்டம் கட்டமா ஒடையதுக்கு மொதல்ல நெட்டு ஒழுங்கா டிவி வரை வரணும். மாமா, அடுத்தது அதப் பாப்போம். டிவியில நெட்ஃபிளிக்ஸ் தொறந்து, உதவிப் பகுதியில நெட்வொர்க் சோதனை இருக்கும். அது எவ்வளவு காட்டுதுன்னு சொல்லுங்க. போன எடுத்திட்டு மோடத்துக்கு பக்கத்துல நின்னு ஃபாஸ்ட் டாட் காம் தொறந்து அந்த எண்ணையும் சொல்லுங்க.

குளச்சல் மாமா, 8:41
மோடத்துக்கு பக்கம் 94. டிவியில 9. ரெண்டாவது தடவ 11. ஏன் மக்களே இப்பிடி?

குளச்சல் மாமி, 8:42
அந்தி ஆனா படம் நின்னு நின்னு வட்டம் சுத்தும். அதுக்குத்தான் நெட்ட மாத்தச் சொன்னாவ.

நான், 8:50
மாமி, இதுதான் நோவு இருக்க எடம்.

மோடம் முன் அறையில கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கு. நான் கண்டிருக்கேன், பக்கத்துல குத்துவிளக்கு, பின்னால எவர்சில்வர் தாம்பாளம் சாச்சு வச்சிருக்கும். அதுக்கும் ஹாலுக்கும் நடுவுல பாட்டா காலத்துக் கருங்கல்லு சுவரு. வைஃபைல ரெண்டு அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா கல்லு சுவரத் தாண்டாது. 2.4 தாண்டும், ஆனா வேகம் கொறவு, அக்கம்பக்கத்து வீட்டு மோடம் எல்லாம் அதுலதான் இரையுது. அந்தியில எல்லாரும் வீட்டுக்கு வந்தா இன்னும் நெருக்கம். ஒங்க டிவி 2.4ல தொங்கிட்டு நிக்குது.

நெட்ஃபிளிக்ஸ் சொல்லது 4கேக்கு 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5. டிவிக்கு வரது 9. நீங்க 649 கட்டினாலும் அது 4கே அனுப்பாது. நெட்டு எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்கு படத்த அதுவே கொறச்சிரும், நமக்குச் சொல்லவும் செய்யாது. 300 எம்பிபிஎஸ் எடுத்தா மோடத்துக்கு பக்கத்துல 280 காட்டும், டிவியில இதே 9தான். 100 எம்பிபிஎஸ் நெட்டு ஒழுங்கா வந்தா ஒரே நேரத்துல அஞ்சு டிவியில 4கே ஓட்டலாம். கொறவு நெட்டுல இல்ல, சுவத்துல.

சுங்கான்கடை சித்தி, 8:53
இத ஏன் கடையில சொல்லல்ல?

நான், 8:54
கடையில உள்ளவங்களுக்கு ஒங்க வீட்டுச் சுவரு தெரியாது சித்தி.

மார்த்தாண்டம் மைனி, 8:58
எனக்கும் ஒரு சம்சயம். பிள்ளைய போன் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில பாக்குதுவ. தெனம் 2 ஜிபி பேக்கு. சட்டுனு தீந்திருது.

நான், 9:02
மைனி, நெட்ஃபிளிக்ஸ்ல 4கே ஓடினா ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை இழுக்கும். முழு எச்டி 3 ஜிபி. ஒங்க 2 ஜிபி 4கேல 17, 18 நிமிசத்துல தீரும். யூடியூப்ல பிள்ளைய தரத்த மேல வச்சிருந்தா அதும் இதே கதைதான். ஹாட்ஸ்பாட்ல பாக்கும்போ 480ல வையுங்க.

ஃபைபர் போட்டாலும் மாசக் கணக்கு பாக்கணும். தெனம் 3 மணி நேரம் 4கே பாத்தா மாசம் 630 ஜிபி, எச்டின்னா 270. சில பிளான்ல ஒரு அளவு தாண்டினா வேகத்த ஒடைச்சிருவாவ, கையெழுத்து போடுததுக்கு முன்ன அத வாசிச்சிரணும்.

குளச்சல் மாமா, 9:05
செரி மக்களே. ஆனா கண்ணுக்குத் தெரியுமா தெரியாதான்னு நீ கணக்குல சொல்லுதா. எனக்கு பாத்து அறியணும்.

நான், 9:08
அதும் நியாயம். யூடியூப்ல 4கேக்கு பைசா வேண்டாம். மோடத்த கொஞ்ச நேரம் அலமாரியில இருந்து எடுத்து, ஹாலுக்குப் போற வாசல்ல ஒரு ஸ்டூல் மேல வையுங்க. பொறவு 4கேல எடுத்த கடல், வள்ளம், ஏதாவது ஒரு காட்சிய போட்டு, தரத்த 1080ல வச்சு ஒரு நிமிசம், 2160ல வச்சு ஒரு நிமிசம் பாருங்க. எது எதுன்னு மாமிட்ட சொல்லாண்டாம்.

குளச்சல் மாமா, 9:31
பாத்தோம். மீன்பிடி வள்ளத்துல வலை இழுக்க காட்சி. சோபாவுல இருந்து மாமி ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னா, எனக்கும் அப்பிடித்தான். பேரன் பாயில நாலு அடியில கெடக்கான், அவன் சட்டுனு சொல்லிட்டான், இதுல வலைக்க கண்ணி ஒவ்வொண்ணும் தெரியுது, அதுல பொகஞ்ச மாதிரி இருக்குன்னு. நானும் பக்கத்துல போய் குனிஞ்சு பாத்தேன். செரியாத்தான் சொல்லுதான். கயிறுல ஒட்டின பாசி வரை தெரியுது.

துபாய் அண்ணன், 9:33
அதத்தான் நான் தெனமும் பாக்கேன்.

நாகர்கோவில் தம்பி, 9:35
மாமா, டிவியில பட அமைப்பு விவிட்ல இருக்கான்னு பாருங்க. கடையில பளிச்சுன்னு தெரிய அதுலதான் வச்சிருப்பாவ. சினிமான்னு ஒண்ணு இருக்கும், அதுக்கு மாத்தினா மொகம் எல்லாம் உள்ள நெறத்துல வரும். ஷார்ப்னஸ்ஸையும் கொறைங்க, அது எழுத்துக்குச் சுத்தி வெள்ளக் கோடு இழுக்கும்.

குளச்சல் மாமா, 9:40
மாத்தியாச்சு. இது நல்ல வித்தியாசம் இருக்கே! மாமி இப்பம்தான் செரியாச்சுன்னு சொல்லுதா.

குளச்சல் மாமி, 9:44
நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்கு படம் முன்னமே தெளிவாத்தான் இருந்துச்சு. பேசுகதுதான் கேக்கல்ல. மழை பெஞ்சா பின்பக்கத்து தகர ஷீட்டுல விழுக சத்தத்துல ஒரு வார்த்தை வெளங்காது. சத்தத்தக் கூட்டினா பாட்டு வரும்போ காது அடைக்கி.

நான், 9:53
மாமி, இத மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன நேரமும் இதத்தான் பேசியிருப்பேன். நமக்கு ரெண்டு மழைக்காலம், தென்மேற்கும் வடகிழக்கும். வருசத்துல பல மாசம் மழைன்னா ஷீட்டுல சத்தம். டிவி இப்போ கனம் கொறஞ்சு போனதுனால ஸ்பீக்கர் கீழ பாத்தோ பின்ன பாத்தோ இருக்கு, சத்தம் சுவத்துல மோதிட்டுத்தான் நம்மகிட்ட வருது.

இன்னைக்கே பைசா இல்லாம செய்ய ஒண்ணு இருக்கு. ஒலி அமைப்புல பேச்சு, இல்லாட்டி செய்தின்னு ஒரு முறை இருக்கும், அதப் போடுங்க. நெட்ஃபிளிக்ஸ்ல எழுத்தும் போட்டுக்கிடுங்க. அதும் போதல்லன்னா, பிளான மாத்தாம மிச்சம் பிடிக்க 150 வருசத்துக்கு 1800 ஆவுது, அதோட கொஞ்சம் சேத்து ஒரு சின்ன சவுண்ட்பார் எடுக்கலாம். டிவிக்க பொறவால ஏஆர்சின்னு எழுதின எச்டிஎம்ஐ துளையில குத்தினா ஒரே ரிமோட்டுல சத்தம் கூடும், கொறையும். பேச்சு நேரா மொகத்துக்கு வரும். அந்த வீட்டுக்கு 4கேய விட நூறு மடங்கு பலன் அதுலதான்.

சுங்கான்கடை சித்தி, 9:56
எனக்க வீட்டுக்கும் அதையே பாத்து சொல்லு மக்கா.

குளச்சல் மாமா, 9:58
ஃபுட்பாலுக்கு 4கே வேணும்னு நெனச்சேன்.

நான், 10:03
மாமா, நெட்ஃபிளிக்ஸ்ல 649 கட்டினாலும் மேட்ச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, மேட்ச்சு வேற ஆப்புல. நேரலை பெரும்பாலும் எச்டிலதான் வருது. 4கேல குடுத்தாலும் நெட்டு வழியா வரது கேபிள விட பல செகண்டு பிந்தும். பக்கத்து வீட்டுல கேபிள்ல பாத்தாவன்னா, கோல்னு சத்தம் அங்க கேட்ட பொறவுதான் ஒங்க டிவியில பந்து வலைக்குள்ள போவும். மேட்ச்சுக்கு மட்டும் கேபிள் கனெக்ஷன வச்சுக்கிடுங்க, எடுத்து மாத்தாண்டாம்.

குளச்சல் மாமா, 10:05
அது நல்ல காரியம் சொன்னா. வெட்ட இருந்தேன். அப்போ இனி என்ன செய்யணும்?

நான், 10:12
டிவிக்க பொறவால லான்னு எழுதின சதுரத் துளை இருக்கான்னு பாருங்க.

குளச்சல் மாமா, 10:15
இருக்கு. மஞ்சள் மூடி போட்டிருக்கு.

நான், 10:21
மோடத்துல இருந்து அதுக்கு ஒரு கம்பி இழுத்தா காரியம் முடிஞ்சு. அந்தத் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும், 4கேக்கே 15 போதும்னா அது தாராளம். கேட் 6 கேபிள், முழுச் செம்பு. அலுமினியத்துல செம்பு பூசினது வெலை கொறவு, எடுக்காதிங்க. ஒங்க வீடு கடலுக்கு கிட்ட, உப்புக் காத்துல ஜாக்கு சீக்கிரம் பச்சை பிடிக்கும், அதனால சுவத்துக்கு வெளிய ஜாக்கு வராம உள்ளயே முடிச்சிருவேன். ஜன்னல் சட்டத்துக்க மூலையில முன்ன கேபிள் டிவிக்கு போட்ட துளை இருக்கு, அதே வழி போதும், கல்ல ஒடைக்காண்டாம்.

கம்பி போட்ட பொறவு பேரனுக்கு லீவு வரும்போ ஒரு மாசம் மட்டும் 649 போட்டுப் பாருங்க. அடுத்த மாசத்துல இருந்து எறக்கிக்கிடலாம், கட்டாயம் ஒண்ணும் இல்ல. வீட்டுல நாலு பேரு ஒரே நேரத்துல தனித்தனியா பாக்கணும்னா அந்த பிளான் வேணும், 499ல ரெண்டு திரைதான். ஒங்க வீட்டுல அப்பிடி இல்ல.

குளச்சல் மாமி, 10:24
அப்போ அலமாரியில இருந்து எடுத்த மோடம் எங்க வைக்க? வாசல்ல ஸ்டூலு கெடந்தா ஆளு தடுக்கி விழும்.

நான், 10:26
இன்னைக்கு ராத்திரி பழைய எடத்துலயே வச்சிருங்க மாமி. ஞாயித்துக்கெழம மத்தியானம் வாரேன். கம்பி நுனியில ஜாக்கு பிடிக்க கிரிம்பரும் கேபிளும் நான் கொண்டு வருவேன், மாமா ஏணிய மட்டும் எடுத்து வைக்கட்டும்.

குளச்சல் மாமி, 10:27
மரச்சீனியும் சாளைக் கறியும் வைக்கேன். சாப்பிட்டிட்டு வந்திராத.