அட்டைப்பெட்டியையும் இனிப்பு விலைக்கு நிறுப்பது சரியா?

கேள்வி:
எங்கள் ஊர்க் கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு கேட்டால், காலிப் பெட்டியைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்காமல், அதிலேயே இனிப்பை அடுக்கி நிறுத்துத் தருகிறார்கள். பெட்டி 60 கிராம். கிலோ 600 ரூபாய் என்றால் 36 ரூபாய் அட்டைக்கே போகிறது. கேட்டால், "எல்லாக் கடையிலும் இப்படித்தான் சார்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, பணம் வாங்கிய அளவுக்குக் குறைவாகப் பொருள் தருவது குற்றம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் அளிக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் தெரிவிக்கலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மறுமொழி 2:
நானும் பலகாரக் கடை நடத்துபவன்தான். பெட்டிக்கு நமக்கும் செலவு உண்டு என்பது உண்மை; அதை இனிப்பின் விலையிலேயே வெளிப்படையாகச் சேர்த்துவிடலாமே தவிர, எடையில் ஒளிக்கக் கூடாது. வீட்டில் நிறுத்துப் பார்த்த வாடிக்கையாளர் பெரும்பாலும் சண்டைக்கு வருவதில்லை, பேசாமல் கடையை மாற்றிக்கொள்கிறார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கான மொத்த ஆர்டரும், தீபாவளிக்கு அவர் அலுவலகம் வாங்கும் பெட்டிகளும் அவரோடு போய்விடுகின்றன.

மறுமொழி 3:
பெட்டியை வைத்ததும் "பூஜ்யம் பண்ணிட்டு நிறுங்க" என்று சொல்லுங்கள். எங்கள் பகுதியில் மறுக்காமல் செய்கிறார்கள்.