பத்தாயிரம் மணி நேரம் உட்கார்ந்தால் செஸ் வந்துவிடுமா? (விவாதம்)

வெள்ளைக்குதிரை:
பிள்ளைகள் செஸ்ஸில் முன்னேறாததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒன்றுதான்: நேரம் போதவில்லை. பத்தாயிரம் மணி நேரம் என்பது ஆய்வில் வந்த எண். நாளைக்கு 3 மணி நேரம் என்றால் ஒன்பது வருஷத்துக்குக் கொஞ்சம் கூட. புடாபெஸ்டில் லாஸ்லோ போல்கார் தன் மூன்று மகள்களையும் சின்ன வயதிலேயே பலகை முன்னால் உட்கார வைத்தார். யூதித் 1991-ல், 15 வயது 4 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். அக்கா சூசனும் கிராண்ட்மாஸ்டர். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? மணி நேரத்தை எண்ணுங்கள், மற்றது பின்னாலேயே வரும்.

கணக்குப்பிள்ளை:
அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் இன்னும் இருவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு அது. பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்கள் மூன்று குழு, குழுவுக்குப் பத்துப் பேர். மிகச் சிறந்த குழு 20 வயதுக்குள் தனியாக உட்கார்ந்து செய்த சாதகம் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்தைத் தொட்டது.

சராசரி என்றாலே அதற்குக் கீழேயும் ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சிறந்த குழுவிலேயே பத்தாயிரத்தை எட்டாதவர்கள் இருந்தார்கள். கணக்கும் கடிகாரம் வைத்து எடுத்ததல்ல, பழைய வருஷங்களை நினைத்துப் பார்த்து மாணவர்களே சொன்னது. எல்லாவற்றையும்விட முக்கியம், அதே அளவு வாசித்தும் அந்தக் கல்லூரிக்குள் நுழைய முடியாதவர்கள் கணக்கிலேயே இல்லை. கரை சேர்ந்தவர்களை மட்டும் கேட்டு ஆற்றின் ஆழத்தைச் சொல்ல முடியாது.

இதை 'விதி' ஆக்கியது 2008-ல் வந்த ஒரு வெகுஜனப் புத்தகம். எரிக்சன் அதை ஏற்கவில்லை. 2019-ல் மெக்நமாராவும் மைத்ராவும் அதே ஆய்வை வேறு வயலின் மாணவர்களிடம் திரும்பச் செய்தார்கள். 'மிகச் சிறந்த' குழுவும் 'நல்ல' குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு, 11,000 மணி நேரத்தை ஒட்டி, சாதகம் செய்திருந்தன.

போல்கார் விஷயம்: மூன்று பேர், ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. பிறவியும் பயிற்சியும் அங்கே ஒன்றாகவே பின்னிக் கிடக்கின்றன, எது வேலை செய்தது என்று பிரிக்க வழியில்லை. அதே வீட்டில் அதே முறையில் வளர்ந்த சோஃபியா, கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தோடு நின்றார்.

வெள்ளைக்குதிரை:
நீங்கள் சொன்ன 2019 ஆய்விலேயே மூன்றாவது குழு 6,000 மணி நேரத்தை ஒட்டித்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். குறைவாக உழைத்தவர்கள் குறைவாகத்தானே வாசித்தார்கள்? பத்தாயிரம் என்ற எண்ணை விட்டுக்கொடுக்கிறேன், நேரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு எண் வேண்டும். 'சிந்தித்துப் பயிற்சி செய்' என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்?

ஆறாம்வரிசை:
எண்ணைக் கையில் கொடுத்தால் பிள்ளை எண்ணைத்தான் நிரப்பும் சார். 3 மணி நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிட ப்ளிட்ஸ் (வேக ஆட்டம்) முப்பது ஆடலாம். ஏட்டில் 3 மணி நேரம் ஏறிவிடும். முப்பது ஆட்டத்திலும் அதே தப்பு முப்பது தடவை நடந்திருக்கும், கைப்பழக்கமாக இறுகியிருக்கும்.

செஸ்ஸிலேயே கணக்கு இருக்கிறது. கோபேவும் காம்பிதெல்லியும் 2007-ல் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களைப் பார்த்தார்கள். மாஸ்டர் நிலைக்கு வரச் சராசரி 11,000 மணி நேரம். ஆனால் ஒருவர் ஏறத்தாழ 3,000-த்தில் வந்துவிட்டார், இன்னொருவருக்கு 23,000-ஐத் தாண்டியது. 3,000-க்கும் 23,000-க்கும் நடுவில் எதைப் பிள்ளையிடம் சொல்வீர்கள்?

பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இப்படிச் சொல்லலாம். வாரம் இரண்டு நீள ஆட்டம், ஆளுக்கு 30 நிமிடமாவது. நகர்வை எழுதிக்கொண்டே ஆடணும். முடிந்ததும் எஞ்சினை (நகர்வுகளை அலசும் செஸ் மென்பொருளை) திறக்கக் கூடாது. தானே 30, 40 நிமிடம் உட்கார்ந்து, 'இந்த இடத்தில் என்ன நினைத்தேன்' என்று மூன்று நான்கு நகர்வுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதணும். அதற்குப் பிறகு எஞ்சின். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பெயர்: எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவில்லை, கணக்குப் போட்டது பாதியில் நின்றது, எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) தெரியவில்லை, நேரம் போய்விட்டது. இருபது ஆட்டம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். எந்தப் பெயர் அதிகம் வருகிறதோ அடுத்த மாதப் பயிற்சி முழுக்க அதுதான்.

எஞ்சினை உடனே திறந்தால் என்ன கெடும் என்றால், அது சரியான நகர்வைச் சொல்லும், பிள்ளை தப்பாக நினைத்தது எதை என்று சொல்லாது. தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடும்.

நெய்தல்:
மெக்நமாரா குழுவின் 2014 தொகுப்பாய்வும் இருக்கிறதே. 88 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் செஸ் மாதிரியான ஆட்டங்களில் பயிற்சியின் பங்கு 26 சதவீதம், இசையில் 21, உடல் விளையாட்டில் 18, கல்வியில் 4. அப்படியென்றால் செஸ்ஸில் மீதி 74 சதவீதம் பிறவித் திறமைதானே? எதற்கு இவ்வளவு மெனக்கெடணும்?

கணக்குப்பிள்ளை:
இல்லைங்க, எண் சரி, படித்த விதம்தான் தப்பு. ஒருவருடைய ஆட்டத்தில் 26 சதவீதம் பயிற்சி என்று அது சொல்லவில்லை. ஆட்டக்காரர்களுக்கு இடையே இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு பயிற்சி நேர வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்றுதான் சொல்கிறது. எல்லோரும் சரியாக ஒரே அளவு பயிற்சி செய்கிற ஊரில் அந்தப் பங்கு பூஜ்யமாகும். அதனால் அங்கே பயிற்சி வீண் என்று ஆகுமா? மீதி 74-லும் தொடங்கிய வயது, சொல்லிக்கொடுத்தவர், அளவீட்டுப் பிழை என்று எல்லாம் கலந்திருக்கும். அத்தனையையும் 'பிறவி' என்ற ஒரே பெட்டியில் போட முடியாது.

எரிக்சன் பக்கத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆசிரியர் குறிவைத்து அமைத்துத் தருவதுதான் நோக்கமுள்ள பயிற்சி, அப்படி அமையாததையும் இந்தத் தொகுப்பாய்வில் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்று அவர் மறுத்தார். நியாயம்தான். ஆனால் பலன் வந்தால் அது நோக்கமுள்ள பயிற்சி, வராவிட்டால் நோக்கமில்லாதது என்று பிறகு பெயர் வைத்துக்கொண்டே போனால் அந்தக் கூற்று ஒருநாளும் தோற்காது. தோற்க வழியில்லாத கூற்றை வைத்து ஒன்றும் கற்க முடியாது. ஆறாம்வரிசை சொன்ன முறைக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

வெள்ளைக்குதிரை:
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். 'நோக்கத்தோடு கற்றால் எதுவும் வரும்' என்பதும் ஒரு பொத்தாம்பொதுவான பேச்சுதானே? செஸ் படித்தால் ஞாபகசக்தி வளரும், கணக்கு வரும் என்று விளம்பரம் போடுகிறார்கள். அதையும் நம்பலாமா?

கணக்குப்பிள்ளை:
அங்கேயும் எல்லை இருக்கிறது. 1980-ல் சேஸ், எரிக்சன், ஃபலூன் மூவரும் ஒரு கல்லூரி மாணவருக்கு எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டித் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தொடக்கத்தில் 7 எண். ஒன்றரை வருஷத்துக்கு மேல், மொத்தம் 230 மணி நேரம் போல நடந்த பயிற்சியில் 79 எண்ணுக்கு வந்தார். அவர் ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால் 3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தின் அன்றைய உலக சாதனைக்குப் பக்கத்து நேரம் என்று மனதில் கட்டிக்கொள்வார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு எழுத்தோடு நின்றுவிட்டார். வளர்ந்தது ஞாபகசக்தி இல்லை, எண்ணை ஓட்ட நேரமாக மாற்றும் வித்தை.

பள்ளிச் செஸ்ஸுக்கும் இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் சோதனை நடந்து 2016-ல் முடிவு வந்தது. 30 மணி நேர வகுப்பு. ஒரு வருஷம் கழித்துக் கணக்குத் தேர்வில் வித்தியாசம் தெரியவில்லை. செஸ்ஸைச் செஸ்ஸுக்காகக் கற்கலாம், அதுவே பெரிய விஷயம்.

ஆறாம்வரிசை:
பலகைக்குள்ளேயே பொதுவிதி எப்படி உடைகிறது என்று காட்டுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது இங்கேதான். ஆளுக்கு ஒரு ரூக் (யானை), வெள்ளையிடம் மட்டும் கூடுதலாக ஒரு சிப்பாய். 'ரூக்கைக் கடைசிக் குறுக்கு வரிசையில் வைத்துக் காவல் காத்தால் டிரா' என்று மனப்பாடம் செய்கிறார்கள். பலகையின் ஓரத்து இரண்டு இரண்டு நெடுக்கு வரிசைகளில் (ஏ, பி, ஜி, ஹெச்) சிப்பாய் இருந்தால் அது உண்மை. வெள்ளை ரூக் சிப்பாயின் மறுபக்கம் சுற்றி வந்து மேட் மிரட்ட அங்கே இடம் இல்லை. நடு நான்கு நெடுக்கு வரிசையில் சிப்பாய் இருந்தால் இடம் இருக்கிறது. அதே காவல் தோற்றுவிடும்.

நடுச் சிப்பாய்க்கு ஃபிலிடோர் நிலை என்ற தற்காப்புதான் மருந்து. கறுப்பு ராஜா இ8-ல் (இ நெடுக்கு வரிசையின் எட்டாம் கட்டம்), வெள்ளைச் சிப்பாய் இ5-ல், வெள்ளை ராஜா டி5-ல். கறுப்பு ரூக் ஏ6-ல் நின்று ஆறாவது குறுக்கு வரிசையை அடைக்கணும், வெள்ளை ராஜா உள்ளே வரவே கூடாது. சிப்பாய் இ6-க்கு வந்த அந்த நொடி ரூக்கை ஏ1-க்கு இறக்கிப் பின்னாலிருந்து செக், செக், செக். ஆறாவது வரிசையைச் சிப்பாயே பிடித்துக்கொண்டதால் வெள்ளை ராஜாவுக்கு ஒதுங்க நிழல் இல்லை. ஒரு நகர்வு முன்னாலேயே ரூக்கை இறக்கினால் ராஜா டி6-க்கு வந்து, சிப்பாய் இ5-லேயே இருப்பதால் இ6-ல் ஒளிந்துகொள்ளும். அங்கிருந்து கறுப்புக்கு மிகவும் கடினம்.

விதி, அதன் காரணம், அது எங்கே நிற்கும் எங்கே உடையும்: மூன்றையும் ஒரே அட்டையில் எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுதாத அட்டை, நிலை கொஞ்சம் மாறியதும் கைவிட்டுவிடும்.

வெள்ளைக்குதிரை:
இது பிடித்திருக்கிறது. ஆனாலும் இத்தனை அட்டை எழுத, இத்தனை ஆட்டம் அலசத் தினம் ஒன்றரை மணி நேரம் வேண்டும். நேரத்தைக் கழித்துவிட முடியாது என்ற என் பேச்சில் மாற்றமில்லை. கணக்குப்பிள்ளை கேட்டதற்கும் பதில் சொல்லுங்கள்: உங்கள் முறை தோற்றால் எப்படித் தெரியும்?

ஆறாம்வரிசை:
தொடங்கும் முன்னால், அதிகம் வந்த தப்பு வகையில் 60 நிலைகளை எடுத்துக் குலுக்கிப் போட்டு இரண்டு முப்பதாகப் பிரியுங்கள். இன்று முதல் முப்பது, நிலைக்கு 3 நிமிடம், மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டாவது முப்பது உறையில் மூடியிருக்கட்டும், பிள்ளை பார்க்கவே கூடாது. மூன்று மாதம் கழித்து அதே நேரக் கட்டுப்பாட்டில் உறையைத் திறங்கள். பழைய முப்பதையே திரும்பக் கொடுத்தால் விடை ஞாபகம் வந்துவிடும், அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது. ஒன்றிரண்டு கூடினால் அது தற்செயலாகவும் இருக்கலாம். ஐந்து ஆறு கூடி, அந்த மூன்று மாத நீள ஆட்டங்களிலும் அந்த வகைத் தப்பு குறைந்திருந்தால் தொடரலாம். கூடவில்லை என்றால் என் முறை அந்தப் பிள்ளைக்கு வேலை செய்யவில்லை, மாற்றணும். ரேட்டிங்கை (போட்டி முடிவுகளை வைத்துத் தரும் புள்ளியை) மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று மாதத்தில் அது எதிராளிகளைப் பொறுத்து ஏறி இறங்கும்.