ஸ்காபரோ (கனடா) கட்டடக் குழு: பி.ஆர். ஃபைல் அசையேல்லையாம்

நிஷா (9ஆம் மாடி), மாலை 7:12
வணக்கம் எல்லாருக்கும். அகதிக் கோரிக்கை ஏற்றுக்கொண்ட ஆக்களின்ர பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) ஏன் இவ்வளவு இழுபடுது? மாமான்ர வேர்க் பெர்மிற் அடுத்த மாசம் முடியுது. வேலையிடத்தில கேக்கத் தொடங்கீட்டினம்.

வதனி அக்கா, 7:19
நிஷா, ரெண்டும் வேற வேற விஷயம். பி.ஆர். பிந்தினா ஃபைல் சாகாது. பிந்திற நேரத்தில மற்றக் கடதாசிகள் முடிஞ்சுபோனாத்தான் பிரச்சினை. முதல் பெர்மிற்றைப் பாருங்கோ.

முடியிற திகதிக்கு முன்னமே ஒன்லைனில நீட்டிப்புப் போட்டா, முடிவு வரும்வரைக்கும் பழைய நிபந்தனைப்படியே வேலை செய்யலாம். ஒரு நாள் பிந்திப் போட்டாலும் அந்த உரிமை இல்லை. பாதுகாப்புக் கிடைச்ச ஆளுக்கு, அதாவது அகதிக் கோரிக்கை ஏற்றுக்கொண்ட ஆளுக்கு, பெர்மிற் கட்டணமும் இல்லை, சும்மா காசைக் கட்டிப்போடாதேங்கோ. போட்டு முடிஞ்ச பிறகு ஒன்லைன் கணக்குக்குள்ள வாற கடிதத்தை வேலையிடத்துக்கு அனுப்புங்கோ. அவை கேக்கிறது உந்தக் கடதாசியைத்தான்.

வதனி அக்கா, 7:21
அந்த இடைவெளியில மாமாவை நாட்டை விட்டு வெளிக்கிட விடாதேங்கோ. வெளியில போனா, பெர்மிற் இல்லாமல் வேலை செய்யிற அந்த உரிமை முறிஞ்சுபோகும். புதுப் பெர்மிற் வந்தவுடன சேர்விஸ் கனடாவுக்குப் போய் சின் (சமூகக் காப்புறுதி இலக்கம்) திகதியை மாத்துங்கோ. 9இல தொடங்கிற சின் எல்லாம் பெர்மிற்றோட முடியும்.

ராசன் அண்ணை, 7:26
ஏன் இழுபடுது எண்டதுக்கு: ஒவ்வொரு வருசமும் எத்தினை பேருக்கு பி.ஆர். குடுக்கிறது எண்டு ஒட்டாவா (மத்திய அரசு) கணக்குப் போடும். 2024க்கு மொத்த இலக்கு 485,000. 2025க்கு 395,000 ஆக இறக்கிப்போட்டாங்கள். அதில பாதுகாப்புக் கிடைச்ச ஆக்களுக்கும் வெளிநாட்டில இருக்கிற அவையின்ர குடும்பத்துக்கும் சேர்த்து 20,000 இடம்தான் வைச்சாங்கள். ஃபைல் எல்லாம் சரியா இருந்தாலும் இடம் வரும்வரைக்கும் கிடக்கும். அதால "ஃபைலைத் தள்ளித் தாறன்" எண்டு காசு கேக்கிறவனை நம்பாதேங்கோ. இடம் இல்லாத வரிசையில ஆர் தள்ளிறது?

நிஷா, 7:28
அப்ப இடத்துக்காகத்தான் கிடக்குதா, வேற பிழை இருக்குதா எண்டு எப்பிடி அறியிறது?

ராசன் அண்ணை, 7:37
ஜி.சி.எம்.எஸ். குறிப்பு எடுங்கோ. ஐ.ஆர்.சி.சி. (குடிவரவுத் திணைக்களம்) அதிகாரிகள் ஃபைலுக்குள்ள எழுதிற குறிப்பு அது. தகவல் அறியும் சட்டத்தில கேட்டா 5 டொலர், தனியுரிமைச் சட்டத்தில சொந்தத் தகவலைக் கேட்டா இலவசம். 30 நாளுக்குள்ள தரவேணும் எண்டு சட்டம் சொல்லுது, பிந்திறதும் உண்டு.

வந்தா எல்லாப் பக்கத்தையும் வாசிச்சு மண்டையை உடைக்கத் தேவையில்லை. எலிஜிபிலிற்றி (தகுதி), மெடிக்கல், கிரிமினாலிற்றி (குற்றப் பின்னணி), செக்யூரிற்றி, இந்த நாலு வரியையும் பாருங்கோ. முதல் மூண்டும் 'பாஸ்ட்' (சரி எண்டு முடிஞ்சுது), செக்யூரிற்றி மட்டும் 'இன் புரோகிரஸ்' எண்டா ஃபைல் பெரும்பாலும் ஐ.ஆர்.சி.சி. மேசையில இல்லை, எல்லைச் சேவையிட்டயோ சி.எஸ்.ஐ.எஸ். (உளவுச் சேவை) இட்டயோ கிடக்குது. எல்லைச் சேவைக்குத் தனியா இன்னொரு கோரிக்கை போடவேணும், ஐ.ஆர்.சி.சி. குறிப்பில அவையின்ர பக்கம் முழுக்க வராது. எலிஜிபிலிற்றியே 'நொட் ஸ்ராட்டட்' எண்டா இன்னும் ஒருத்தரும் ஃபைலைத் திறக்கேல்லை எண்டு அர்த்தம்.

செந்தில் (4ஆம் மாடி), 7:40
அண்ணா, எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கும் (வேலைத் திறமையை வச்சு பி.ஆர். போடுற வழி) இதேதானுங்களா? ஆறு மாசத்துல முடியும்னு போட்டிருக்காங்களே.

வதனி அக்கா, 7:48
செந்தில், ஆறு மாசம் எண்டது 80 வீதமான ஃபைலுக்கு அவை வைச்சிருக்கிற இலக்கு, ஒவ்வொருத்தருக்கும் குடுத்த வாக்குறுதி இல்லை. உங்களுக்கு வழி வேற. ஏ.ஓ.ஆர். (விண்ணப்பம் கிடைச்சது எண்ட) கடிதம் வந்து, விண்ணப்பம் முழுமையா இருக்கு எண்டு சரிபாத்து முடிஞ்சிருந்தா பி.ஆர். முடிவு வரும்வரைக்கும் வேலை செய்ய விடுற பிரிட்ஜிங் ஓப்பன் வேர்க் பெர்மிற் போடலாம். அந்தச் சரிபாப்புக்கு முன்னம் போட்டுத்தான் கனபேருக்கு மறுப்பு வாறது. மாகாண நியமனத்தில (மாகாண அரசு தெரிவு செய்து) போனவை, நியமனக் கடிதத்தில ஒரே முதலாளியிட்டத்தான் வேலை எண்டு கட்டுப்பாடு இருக்கா எண்டு பாக்கவேணும். இருந்தா இந்த பெர்மிற் கிடைக்காது.

மெடிக்கல் 12 மாசம்தான் செல்லும். முடிஞ்சுபோச்செண்டு நீங்களாப் போய்ச் செய்யாதேங்கோ. சில ஃபைலுக்கு அவையே நீட்டிக் குடுப்பினம். திரும்ப வேணுமெண்டா கடிதம் வரும், அதோட பனல் டொக்டரிட்ட (ஐ.ஆர்.சி.சி. அங்கீகரிச்ச டொக்டர்) போங்கோ.

செந்தில், 7:50
சரிங்க்கா. அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிட்டு வரலாம்னு இருந்தோம். அதான் கேட்டேன்.

வதனி அக்கா, 7:52
பெர்மிற்றும் வீசாவும் ரெண்டும் செல்லுபடியா இருந்தாப் போகலாம். பெர்மிற் செல்லுது, பாஸ்போட்டில உள்ள வீசா முடிஞ்சுது எண்டா, திரும்பி வர முதல் புது வீசா எடுக்கவேணும். அதைக் கணக்கில எடுத்து ரிக்கற் போடுங்கோ.

ராசன் அண்ணை, 7:58
இதைப் பாத்திட்டு எங்கட ஆக்கள் ஆரும் கொழும்புக்கு ரிக்கற் போட்டுடாதேங்கோ. செந்திலுக்கு உள்ள சட்டம் வேற, அகதியா வந்த ஆளுக்கு உள்ள சட்டம் வேற.

இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பிச்சாலோ, அதில பயணம் செய்தாலோ, ஊருக்குப் போனாலோ, "அந்த நாட்டுப் பாதுகாப்பை இவர் திரும்ப ஏற்றுக்கொண்டார்" எண்டு குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்ர 108ஆம் பிரிவில அகதி நிலையை முடிக்கக் கேப்பினம். 2012 டிசம்பருக்குப் பிறகு அப்பிடி முடிச்சா பி.ஆரும் சேர்ந்து போகும், மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகவும் வழியில்லை. பி.ஆர். கிடைச்ச பிறகு பயமில்லை எண்டு நினைக்கிறதுதான் பெரிய பிழை. குடியுரிமை எடுக்கும்வரைக்கும் இந்தக் கத்தி தலைக்கு மேல தொங்கும். செத்தவீடு எண்டாலும் லோயரைக் கேக்காமல் வெளிக்கிட வேண்டாம்.

பயணம் தேவை எண்டா அகதிப் பயண ஆவணம் எடுங்கோ. அதில இலங்கைக்குப் போகேலாது, சில நாடுகள் அதை ஏற்கவும் மாட்டினம். ரிக்கற்றுக்கு முதல் அந்தந்தத் தூதரகத்தில விசாரியுங்கோ.

நிஷா, 8:03
மாமி, பிள்ளையள் யாழ்ப்பாணத்தில. மூத்தவனுக்கு 21 முடியப் போகுது. வயசு தாண்டிப்போடுமோ?

வதனி அக்கா, 8:11
பயப்பிடாதேங்கோ. பாதுகாப்புக் கிடைச்ச ஆளின்ர பிள்ளைக்கு வயசு உறையிறது (கணக்கில எடுக்கிற வயசு) மாமா அகதிக் கோரிக்கை வைச்ச அண்டைக்கு. பி.ஆர். போட்ட நாளும் இல்லை, கிடைக்கிற நாளும் இல்லை. அண்டைக்கு 22 ஆகேல்லை எண்டாச் சரி. ஆனா இடையில கலியாணம் கட்டினா வயசு உறைஞ்சும் பிரயோசனமில்லை, அதைத் தம்பிக்குச் சொல்லிவையுங்கோ.

மாமான்ர விண்ணப்பத்தில மாமி, பிள்ளையள் எல்லாற்ற பேரும் இருக்குதோ எண்டு இண்டைக்கே பாருங்கோ. விட்டுப்போன ஆளைப் பிறகு ஸ்பொன்சர் செய்யிறதும் கஷ்டம். விட்டிருந்தா பி.ஆர். வர முதல் ஐ.ஆர்.சி.சி.யின்ர வெப்ஃபோர்மில (இணையப் படிவம்) சேருங்கோ. கனடாவில பிள்ளை பிறந்தாலும் அறிவிக்கவேணும்.

ராசன் அண்ணை, 8:20
செக்யூரிற்றி ஏன் எங்கட ஆக்களுக்குக் கூடக் காலம் எடுக்குது எண்டா, 2006 ஏப்ரலில புலிகளைக் கனடா தடைப் பட்டியலில போட்டது. அந்த நேரம் வன்னியில இருந்த ஆளெண்டா அதே சட்டத்தின்ர 34ஆம் பிரிவில (நாட்டுப் பாதுகாப்பு) ஒருக்காத் துருவித்தான் பாப்பினம். அதை ஒருத்தரும் நிப்பாட்டேலாது. நாங்களா அந்தக் காலத்தைக் கூட்டாமல் பாக்கலாம்.

கூடிறது பெரும்பாலும் ரெண்டு இடத்தில. ஒண்டு, பின்னணி விபரம் எழுதிற ஷெடியூல் ஏ படிவத்தில பத்து வருசத்துக்குள்ள மாதம் விடுபடுறது. வேலை இல்லாமல் இருந்தாலும் முகாமில இருந்தாலும் அப்பிடியே எழுதுங்கோ. ரெண்டு, அகதிக் கோரிக்கைப் படிவத்தில சொன்னதும் இதில சொல்லிறதும் பொருந்தாமல் வாறது. பழைய படிவத்தின்ர பிரதியைப் பக்கத்தில வைச்சு நிரப்புங்கோ. இயக்கம் சம்பந்தமா ஒரு வரி எழுதிறதெண்டாலும் லோயர் பாத்த பிறகு.

வதனி அக்கா, 8:24
பேரும்தான். பிறப்புச் சான்றிதழில ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில இன்னொண்டு, தகப்பன்ர பேர் ஒண்டில முன்னுக்கு, மற்றதில பின்னுக்கு. ரெண்டும் ஒரே ஆள் எண்டு சத்தியக் கடதாசி செய்து முன்கூட்டியே இணைச்சுவிடுங்கோ.

செந்தில், 8:27
எம்.பி. ஆபீஸ்ல சொன்னா வேலை நடக்குமுங்களா?

ராசன் அண்ணை, 8:35
கேப்பினம், அவ்வளவுதான். உங்கட தபால் குறியீட்டுக்குரிய எம்.பி. மட்டும்தான் எடுப்பார், ஒப்புதல் படிவம் கையெழுத்து வைக்கவேணும். குறிப்பை எடுத்துக்கொண்டு போய் "இந்த வரி இத்தினையாம் திகதியில இருந்து அசையேல்லை" எண்டு கேட்டாப் பதிலும் அதுக்கேற்ற மாதிரி வரும். சும்மா "எப்ப வரும்" எண்டு கேட்டா இணையத்தில உள்ளதையே வாசிச்சுச் சொல்லுவினம்.

அதுக்கும் மேல ஃபெடரல் கோர்ட். முடிவெடுக்கச் சொல்லிக் கட்டளை கேக்கிறது, மன்டேமஸ் எண்டு சொல்லுவினம். கோர்ட்டுக் கட்டணம் 50 டொலர், மற்றதெல்லாம் லோயரின்ர காசு. நியாயமான காலத்தைத் தாண்டிப்போச்சு, பிழை எங்கட பக்கம் இல்லை, அவையிட்டச் சரியான காரணமும் இல்லை எண்டு காட்டவேணும். வெண்டாலும் கோர்ட் "முடிவெடு" எண்டுதான் சொல்லும், "குடு" எண்டு சொல்லாது. செக்யூரிற்றியில சிக்கல் உள்ள ஃபைலை அவசரப்படுத்தினா மறுப்புத்தான் கெதியா வரும்.

நிஷா, 8:38
நன்றி அண்ணை, அக்கா. இண்டைக்கு இரவே பெர்மிற் நீட்டிப்புப் போடப்போறன். என்னென்ன ஏத்தவேணும்?

வதனி அக்கா, 8:44
பழைய பெர்மிற், அகதிச் சபையின்ர தீர்ப்புக் கடிதம், பி.ஆர். விண்ணப்பம் கிடைச்சது எண்ட கடிதம், படம். ஒரு ஃபைல் 4 மெகாபைட்டுக்கு மேல ஏறாது. ஃபோனில எடுத்த படத்தைச் சுருக்கி பிடிஎஃப் ஆக்குங்கோ. வீடு மாறியிருந்தா பி.ஆர். ஃபைலுக்கும் விலாசத்தைத் தனியா வெப்ஃபோர்மில மாத்தவேணும், பெர்மிற்றில மாத்தினது அங்க போகாது.