கோப்பையை எண்ணாமல் ஒரு ஃபுட்பால் மேனேஜரை எடை போடுவது எப்படி?

கோல்கம்பம்:
உலகின் சிறந்த மேனேஜர் யார் என்று பேச ஆரம்பித்தாலே கோப்பையை எண்ணுவதில் போய் முடிகிறது. அந்தக் கணக்கில் ஆன்செலோட்டிதான்: ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் 5 முறை (2003, 2007, 2014, 2022, 2024), ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளிலும் பட்டம். ஆனால் அவருக்கு வாய்த்த அணிகளையும் பாருங்கள்: மிலான், செல்சி, பிஎஸ்ஜி, பாயர்ன், ரியல் மாட்ரிட். கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, இது மேனேஜரின் கைவேலை, இது வீரனின் திறமை என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா? டிவியில் மேட்ச் பார்க்கிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

புள்ளிப்பட்டியல்:
அதே ஆட்கள் ஒரு மேனேஜர் வருவதற்கு முன் எப்படி ஆடினார்கள், வந்தபின் எப்படி ஆடினார்கள் என்று பாருங்கள். 2022 அக்டோபரில் ஷாபி அலோன்சோ மேனேஜராக வந்தபோது ஜெர்மன் லீக்கில் லெவர்குசன் 18 அணிகளில் 17வது. அந்த சீசனை 6வதாக முடித்தார்கள். 2023-24இல் 34 ஆட்டம், 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை, 90 புள்ளி. ஷாகா, கிரிமால்டோ, போனிஃபேஸ் என்று நடுவில் புது ஆட்கள் வந்தது உண்மைதான். ஆனால் ஹ்ராடெக்கி, டா, டாப்சோபா, ஃப்ரிம்போங் நால்வரும் அந்த 17வது இடத்து அணியின் ஆட்கள்.

புது மேனேஜரின் முதல் 6 ஆட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மேனேஜரை மாற்றுவதே வரிசையாகத் தோற்ற பிறகுதான். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, கீப்பர் கை நழுவியது என்று அந்தத் தோல்விகளில் துரதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அது தானாகச் சரியாகும், பெயர் புதியவருக்குப் போகும். உரைகல் இரண்டாவது சீசன். எதிரணிகள் வீடியோ போட்டுப் பார்த்து மாற்று மருந்து கண்டுபிடித்திருப்பார்கள். அதற்குப் பிறகும் ஆட்டம் ஓடுகிறதா? ரனியேரி 2015-16இல் லெஸ்டரை 81 புள்ளியோடு இங்கிலாந்து லீக் சாம்பியன் ஆக்கினார், 2017 பிப்ரவரியில் வேலை போய்விட்டது. (இடையில் லெஸ்டரின் முக்கிய நடுக்கள வீரர் காண்டே செல்சிக்குப் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவருக்கு அநியாயம்.)

நம்மூரில் 2019-20 ஐஎஸ்எல் லீக்கின் சென்னையின் எஃப்சி. சீசன் நடுவே டிசம்பரில் ஓவன் காயில் மேனேஜராக வந்தார். அடிமட்டத்தில் தவித்த அணி இறுதியாட்டம் வரை போய் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றது.

ஆறாம் நம்பர்:
மேலே சொன்னது ரிசல்ட். கைவேலை தெரிய வேண்டுமென்றால் பந்தை விட்டுவிட்டு, பந்துக்குப் பின்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். 2022-23இல் கார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டியிடம் பந்து இருக்கும்போது ஸ்டோன்ஸ் பின்வரிசையிலிருந்து ஏறி நடுக்கள வீரர் ரோட்ரி பக்கத்தில் நிற்பார். பின்னால் 3 பேர், அவர்களுக்கு முன் 2 பேர், மேலே 5 பேர். மைதானத்தை நீளவாக்கில் ஐந்து பாத்தியாகப் பிரித்துக்கொண்டால், மேலே உள்ள ஐவருக்கும் ஆளுக்கு ஒரு பாத்தி. ஒரே பாத்தியில் ஒரே வரிசையில் இரண்டு பேர் நின்றுவிட்டால் ஒரு டிஃபெண்டரே இருவரையும் பார்த்துக்கொள்வான், இன்னொரு எதிரணி ஆள் சும்மா கிடைத்துவிடுவான்.

பின்னால் நிற்கும் அந்த 3+2 தாக்குதலுக்கும் பயன்படும்தான், ஆனால் அதன் முக்கிய வேலை பந்து பறிபோன அடுத்த 5 விநாடியில். இருவருக்கும் மூவருக்கும் நடுவே இடைவெளி அகலமானால் எதிராளி முதல் பாஸிலேயே திரும்பி ஓடத் தொடங்கிவிடுவான். 2024 செப்டம்பரில் ரோட்ரி முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்தபோது நடந்தது இதுதான். பிற காயங்களும் சேர்ந்துகொண்டன. தொடர்ந்து 5 தோல்வி, பிறகு பார்த்தால் 13 ஆட்டத்தில் 1 வெற்றி. கார்டியோலாவின் ஏற்பாடு ஒரு திருகாணியில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது என்று அப்போது தெரிந்தது. அவரைப் பெரிய ஆளாக மதிப்பவன் நான், ஆனாலும் மாற்று ஏற்பாடு இல்லாதது அவர் கணக்கில் எழுத வேண்டிய குறைதான்.

பிரஸ்ஸிங்கும் (பந்து வைத்திருக்கும் எதிராளியை நெருக்கிப் பறிப்பது) அப்படியே. "விரட்டு விரட்டு" என்று கத்துவதற்கு மேனேஜர் வேண்டாம். எப்போது கிளம்ப வேண்டும் என்பதுதான் பயிற்சி: பந்து கீப்பருக்குத் திரும்பும்போது, முதல் டச் தப்பும்போது, ஃபுல் பேக் (ஓரத்து டிஃபெண்டர்) தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கும்போது. முதல் ஆள் கிளம்பி இரண்டாவது ஆள் ஒரு விநாடி தாமதித்தால் நடுவில் சந்து திறந்துவிடும். 70வது நிமிடத்துக்கு மேல் இந்தத் தாமதம் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் கால்கள் ஓய்ந்துவிட்டன; மாற்று வீரரை இறக்காமல் இருப்பது மேனேஜர் தப்பு.

இடதுகால்:
பயிற்சி எல்லாம் சரிங்க. ஆட்டம் நடக்கும்போதே திருத்தத் தெரியணும். 2022 உலகக் கோப்பையில அர்ஜென்டினா மேனேஜர் ஸ்கலோனி பண்ணது பாடமா வைக்கலாம். முதல் ஆட்டத்துல சவுதி டிஃபென்ஸ் முன்னால ஏறி நின்னு வரிசையா ஆஃப்சைடில் மாட்டவிட்டு 2-1ன்னு அடிச்சுட்டாங்க. 36 ஆட்டம் தோக்காத டீம்! அடுத்த ஆட்டத்துக்கே 5 பேரை மாத்தினார். போலந்து ஆட்டம் வர்றப்ப என்சோ, மக் அலிஸ்டர், ஆல்வாரெஸ் மூணு பேரும் ஆரம்பத்துல இருந்தே ஆடுறாங்க. பரேடெஸ், பாப்பு கோமெஸ், லவுத்தாரோ பெஞ்சில. நெதர்லாந்துக்கு எதிரா பின்னால 5 பேர். பிரான்ஸுக்கு எதிரான ஃபைனல்ல டி மரியாவை இடது பக்கம் போட்டார், அங்கதான் பெனால்டியும் வந்துச்சு, ரெண்டாவது கோலும் வந்துச்சு.

ஆனா 64ஆவது நிமிஷம் டி மரியாவை எடுத்தாரு பாருங்க, இன்னிக்கும் சண்டை போடலாம். தசைப்பிடிப்பால முந்தின நாக்-அவுட் ஆட்டங்கள்ல சரியா ஆடாத மனுஷன், 90 நிமிஷம் தாங்கமாட்டார்னு நியாயம் சொல்லலாம். அகுன்யா இறங்கினதும் டீம் பின்னால போய் உக்காந்துடுச்சு.

அந்தப் பக்கம் பிரான்ஸ் மேனேஜர் டெஷாம்பையும் மறக்கக் கூடாது. 0-2ல இருக்கும்போது இடைவேளைக்குக்கூட காத்திருக்காம 41ஆவது நிமிஷம் ஜிரூ, டெம்பெலே ரெண்டு பேரையும் தூக்கிட்டு கோலோ முவானி, துராமை இறக்கினார். 71ல கோமான், கமவிங்கா. 80ஆவது நிமிஷ பெனால்டியை வாங்கிக்கொடுத்தது கோலோ முவானி. அடுத்த நிமிஷம் மெஸ்ஸிகிட்ட பந்தைப் புடுங்கினது கோமான், எம்பாப்பேக்கு திருப்பிக் கொடுத்தது துராம். தோத்த மேனேஜர்தான், ஆனா அன்னிக்கு ஆட்டத்தைத் திருப்பினது அவரோட பெஞ்ச்.

கோல்கம்பம்:
இப்படிப் பார்த்தால் ஆன்செலோட்டி எங்கே நிற்கிறார்? தட்டிக்கொடுத்து நல்லபடியாக வைத்துக்கொள்வார், மற்றது வீரர்கள் பாடு என்றுதான் பலர் சொல்கிறார்கள்.

ஆறாம் நம்பர்:
அது பாதி உண்மை. கார்டியோலா போல ஒரே வடிவம் அவரிடம் கிடையாது, கையில் உள்ள ஆட்களுக்கு ஏற்ப வடிவத்தை வெட்டித் தைப்பார். 10ஆம் நம்பர் இடத்தில் (முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால்) ஆடவேண்டிய பிர்லோவை மிலானில் டிஃபென்ஸுக்கு முன்னால் இறக்கி, ஓடிப் பந்து பறிக்கும் வேலையை கட்டுஸோவிடம் விட்டார். (முதலில் இதை பிரெஷ்ஷாவில் செய்தவர் மாட்ஸோனே.)

தட்டிக்கொடுப்பது மட்டும்தானா என்பதற்கு 2022 மே 4, சிட்டிக்கு எதிராக அவருடைய ரியல் மாட்ரிட் ஆடிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் ரியல் 3-4 என்று தோற்றிருந்தது. 68வது நிமிடம் குரோஸ் வெளியே, ரோட்ரிகோ உள்ளே. 73இல் மாரெஸ் கோல் அடித்து மொத்தம் 3-5. உடனே மோட்ரிச், காசெமிரோவும் வெளியே. கமவிங்கா, அசென்சியோ உள்ளே. அந்த அணியின் முதுகெலும்பு மூவரையும் ஏழு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டார். 90வது நிமிடம் கமவிங்கா தூக்கிப்போட்ட பந்தை பென்ஸெமா உள்ளே தள்ள, ரோட்ரிகோ கோல். அடுத்த நிமிடமே கார்வஹால் கிராஸ், அசென்சியோ தலையில் உரசி ரோட்ரிகோ தலைக்கு. கூடுதல் நேரத்தில் பென்ஸெமா பெனால்டி. அந்த இரண்டு நிமிடத்தில் பந்து தொட்ட கால்களையும் தலைகளையும் எண்ணிப் பாருங்கள்: மூன்று மாற்று வீரர்களும் அதில் இருப்பார்கள்.