ஸ்பைடர்மேன் 3: வெனத்தை வைத்துக்கொண்டே கதையைச் சரிசெய்திருக்க முடியுமா?

மாலைக்காட்சி (கேள்வி)

சாம் ரெய்மி இயக்கிய மூன்று ஸ்பைடர்மேன் படங்களையும் சென்ற வாரம் வரிசையாக மறுபடி பார்த்தேன். 2002இல் வந்த முதற்படமும் 2004இல் வந்த இரண்டாவது படமும் இன்றும் தளராமல் நிற்கின்றன. 2007இல் வந்த மூன்றாவது படமோ, தனித்தனிக் காட்சிகளாக நினைத்தால் நன்றாகவும் முழுப்படமாகப் பார்த்தால் நெரிசலாகவும் இருக்கிறது. 139 நிமிடங்களுக்குள், ஸ்பைடர்மேனாக வாழும் பீட்டரை எதிர்த்து, மணலாக உருமாறும் சாண்ட்மேன், தந்தையின் சாவுக்குப் பழிவாங்கத் துடிக்கும் நண்பன் ஹாரி, வெனம் என்று மூன்று எதிரிகள் வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே காதலி மேரி ஜேனுடனான பிரிவு, க்வென் ஸ்டேசி என்ற புதிய பெண், பீட்டரின் உடம்போடு ஒட்டிக்கொண்டு அவன் குணத்தையே மாற்றும் உயிருள்ள கறுப்பு உடை ஆகியவையும் இடம் கேட்டு முண்டியடிக்கின்றன.

வெனத்தைத் தூக்கியிருக்க வேண்டும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் பதில். ஆனால் வெனம் ரெய்மிக்குப் பிடித்த பாத்திரமே அல்ல என்பதும், ரசிகர்கள் விரும்புகிறார்கள் என்று தயாரிப்பாளர் அவி அராட் வலியுறுத்தியதால்தான் அது உள்ளே வந்தது என்பதும் பலரும் அறிந்தவை. ஆகவே ஒரு நிபந்தனையுடன் கேட்கிறேன்: வெனம் படத்தில் இருந்தே தீர வேண்டும், நீளமும் கூடக்கூடாது என்ற நிலையில், திரைக்கதையை நீங்கள் எப்படி மாற்றியிருப்பீர்கள்?

கத்தரிக்கோல்

வெனம் இருக்கட்டும், ஆனால் கடைசி நிமிடத்தில் மட்டும் இருக்கட்டும். இந்தப் படத்தின் உண்மையான உச்சக்காட்சி தேவாலயத்தின் மணிக்கூண்டில் நடக்கிறது. அங்கே பீட்டர் வேறு எவரோடும் போரிடவில்லை. தன் உடம்போடு ஒட்டிக்கொண்ட ஆணவத்தைத்தான் பிய்த்தெறிகிறான். அதே நேரத்தில் கீழே, பீட்டர்மீது வஞ்சம் கொண்ட புகைப்படக்காரன் எட்டி ப்ராக், பீட்டரைக் கொன்றுவிடும்படி கடவுளிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறான். பீட்டர் பிய்த்தெறிந்த கறுப்பு உடை திரவமாக மேலிருந்து வழிந்து அவன்மீது விழ, அவன் வெனமாகிறான். ஒருவன் உதறிய பாவம் இன்னொருவனின் வேண்டுதலுக்கு வரமாக வந்து இறங்குவதைப் போன்ற அந்தக் காட்சிக்குப் பிறகும் கட்டுமானத் தளத்தில் நால்வர் மோதும் சண்டை எதற்காகத் தேவைப்பட்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மணிக்கூண்டைப் படத்தின் இறுதிக்கு நகர்த்தி, ப்ராக்கின் மாறிய முகத்தோடு திரையை இருளவிட்டிருந்தால், தயாரிப்பாளருக்கு வெனமும் கிடைத்திருப்பான், அடுத்த படத்துக்கு முழுமையான ஓர் எதிரியும் கிடைத்திருப்பான். நான்காவது படம் 2010இல் கைவிடப்பட்டதே என்று இதை மறுக்க வேண்டாம். 2007இல் அதை யாரும் அறிந்திருக்கவில்லை.

எழுத்தாணி

கத்தரிக்கோல் சொல்லும் மாற்றம் நெரிசலைக் குறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், நோய் வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். படத்தைக் கெடுத்தது வெனம் அல்ல, பீட்டரை வளர்த்த அங்கிள் பென்னின் மரணத்தைத் திருத்தி எழுதிய விதம்தான்.

முதற்படத்தை நினைத்துப் பாருங்கள். மல்யுத்தப் போட்டி நடத்துபவர் பணத்தில் ஏமாற்றிவிட்டார் என்ற எரிச்சலில், அவரைக் கொள்ளையடித்து ஓடும் திருடனைப் பீட்டர் தடுக்காமல் வழிவிடுகிறான். அந்தத் திருடனாலேயே பென் கொல்லப்படுகிறார். பீட்டர் ஸ்பைடர்மேனாக வாழ்வதற்கான காரணம் முழுவதும் அந்த ஒரு கணத்துக் குற்ற உணர்வில்தான் வேரூன்றியிருக்கிறது. மூன்றாவது படமோ, சுட்டவன் அவனல்ல, பின்னால் சாண்ட்மேனாக மாறும் ஃப்ளின்ட் மார்க்கோ என்று அறிவிக்கிறது. அந்த நொடியே பார்வையாளரின் மனத்தில் பீட்டரின் குற்ற உணர்வு காற்று இறங்கிய பந்தாகிவிடுகிறது.

விந்தை என்னவென்றால், இதற்கான மருந்து படத்துக்குள்ளேயே கிடக்கிறது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. இறுதியில் மார்க்கோ நடந்ததை விவரிக்கிறான்: துப்பாக்கியைக் காட்டிக் காரைக் கேட்டான், பென் அவனிடம் அன்பாகப் பேசினார், அந்நேரம் பணத்தோடு ஓடிவந்த கூட்டாளியின் கை பட்டதில் குண்டு வெடித்துவிட்டது. அந்தக் கூட்டாளி யார்? பீட்டர் வழிவிட்ட அதே திருடன்! பீட்டர் அவனை மடக்கியிருந்தால் அந்தக் கை மார்க்கோவின்மீது பட்டிருக்காது. அப்படியானால் பென்னின் சாவில் இருவருக்கும் பங்குண்டு. சுட்டவனும் விட்டவனும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். படத்தில் பீட்டர், தானும் தவறுகள் செய்தவன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மன்னிக்கிறான். அதற்குப் பதிலாக, "அவனைத் தப்பவிட்டவன் நான்தான்" என்று அவன் மார்க்கோவிடம் ஒப்புக்கொண்டிருந்தால், முதற்படத்துக் குற்ற உணர்வு கரைவதற்கு மாறாக இன்னும் ஆழப்பட்டிருக்கும். மன்னிப்பவனே மன்னிப்புக் கேட்பவனாகவும் ஆகியிருப்பான். இதற்குப் புதிய காட்சியே வேண்டாம். இருக்கும் காட்சியில் ஒரு வரி போதும்.

நிலாமுற்றம்

எழுத்தாணியின் வாதம் பிடித்திருக்கிறது. ஹாரியைப் பற்றி எவரும் பேசாததால் நான் சுருக்கமாகச் சொல்கிறேன். தலையில் அடிபட்டு நினைவிழப்பது, வேண்டிய நேரத்தில் நினைவு திரும்புவது என்பதெல்லாம் நம்மூர்ப் பழைய படங்களிலேயே நாம் சலித்துப்போன உத்தி. அதைவிடப் பெரிய கொடுமை, வீட்டுப் பணியாளர் பெர்னார்ட் கடைசியில் வந்து, "உங்கள் தந்தையின் காயத்தைச் சுத்தம் செய்தவன் நான், அது அவருடைய பறக்கும் கருவியாலேயே ஏற்பட்டது" என்று வெளியிடும் காட்சி. இரண்டு படங்களாக அந்தப் பையன் பழிவாங்கத் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று திரையரங்கில் என் பக்கத்து இருக்கைக்காரர் உரக்கவே கேட்டுவிட்டார். 2017இல் வெளியான மாற்றுத் தொகுப்பில் அந்தக் காட்சி எடுக்கப்பட்டிருக்கிறது; பழைய நட்பை நினைத்து ஹாரி தானாகவே மனம் மாறுகிறான். எவ்வளவு எளிய திருத்தம்!

பீட்டர் தெருவில் ஆடிக்கொண்டு போகும் காட்சியையும் வெட்ட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நான் அதை விட்டுத்தர மாட்டேன். கூச்ச சுபாவமுள்ள ஒரு புத்தகப்புழு, தான் கவர்ச்சியானவன் என்று நினைத்துக்கொண்டால் அப்படித்தான் நடந்துகொள்வான்; தெருவில் போகும் பெண்கள் முகம் சுளிப்பதையும் கேமரா ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. சிரிப்பு அவனைப் பார்த்துத்தான். அது நழுவி இயக்குநர்மீது விழுந்துவிட்டது.

மாலைக்காட்சி

மூவருக்கும் நன்றி. கத்தரிக்கோல் அவர்களிடம் ஓர் ஐயம்: கட்டுமானத் தளத்துச் சண்டையை நீக்கினால், வெனத்தின் தாக்குதலைத் தன்மேல் தாங்கி ஹாரி உயிர்விடும் காட்சியும் போய்விடுமே? அந்த நட்புக் கதை எங்கே முடியும்?

கத்தரிக்கோல்

நியாயமான கேள்வி. ஹாரி இறக்க வேண்டியதில்லை என்பேன். கறுப்பு உடையில் இருக்கும் பீட்டர், ஹாரியின் வீட்டிலேயே அவனோடு மோதி, அவன் எறிந்த குண்டை அவன்மீதே திருப்பிவிட்டு, முகம் சிதைந்தவனைத் திரும்பிப் பாராமல் வெளியேறுகிறான். தன் நண்பனுக்கு இதைச் செய்தவன் தானே என்ற உணர்வுதான் அவனை மணிக்கூண்டுக்கு விரட்ட வேண்டும். படத்தில் உள்ளபடி மேரி ஜேனைத் தள்ளிவிட்ட பிறகு அவன் அங்கே போவதும் பொருத்தமே. ஆனால் ஹாரிக்குச் செய்ததன் கனம் அதில் சேரவில்லை. உடையைக் களைந்ததும் அவன் முதலில் போய்க் கதவைத் தட்ட வேண்டிய வீடு ஹாரியுடையது.

எழுத்தாணி

இதை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு சேர்க்கையுடன். சாண்ட்மேன் பிறக்கும் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டோம்: உரையாடலே இல்லாமல், கிறிஸ்டஃபர் யங்கின் இசை மட்டும் ஒலிக்க, ஒரு மணற்குவியல் மனித உருவமெடுக்க முயன்று, மகளின் படம் உள்ள பதக்கத்தை எடுக்கப் போகும்போது விரல்கள் உதிர்ந்துபோகின்றன. அந்த மகளின் நோய்க்காகத்தான் அவன் திருடுகிறான். அப்படித் தொடங்கிய மனிதனை இறுதிச் சண்டையில் பேச்சற்ற மணற்பூதமாக்கிவிட்டார்கள். அந்தச் சண்டை போனால் அவனுக்கும் நல்லதே. மிச்சமாகும் நிமிடங்களில் ஒன்றையாவது மகளுக்குக் கொடுங்கள். மன்னிப்புப் பெற்ற மார்க்கோ காற்றில் கலந்து போகிறான். அந்தப் பெண் பிழைத்தாளா இல்லையா என்பதைத் திரையரங்குகளில் ஓடிய படம் சொல்லவே இல்லை.