வான் ஆர்ட்: மூன்று ஞாயிறுகள், மூன்று நான்காம் இடங்கள் (சைக்கிள் பந்தய ரசிகர்களின் இணைய விவாதம்)

கல்பாதை (20 ஏப்ரல் 2025, இரவு)

பெல்ஜிய சைக்கிள் வீரர் வான் ஆர்ட்டுக்கு இந்த ஏப்ரலின் ஒருநாள் பந்தயங்களில் கிடைத்தது இதுதான்: ஃபிளாண்டர்ஸில் நான்காம் இடம். ரூபேயில் நான்காம் இடம். இன்று ஆம்ஸ்டெல் கோல்டிலும் நான்காம் இடம். நடுவே வெள்ளிக்கிழமை பிரபாண்ட்சே பெய்ல் பந்தயத்தில் எவெனபூலிடம் ஸ்பிரிண்டில், அதாவது கோட்டருகே நடக்கும் கடைசி வேகப் பாய்ச்சலில், தோல்வி. டிசம்பரில் தபால் வண்டியின் கதவில் மோதி எலும்புகள் முறிந்து, அன்றுதான் போட்டிக்கே திரும்பியிருந்தார் எவெனபூல்.

நானும் வௌட் வான் ஆர்ட்டின் ரசிகன்தான். ஆனால் ஏப்ரல் 2 அன்று பெல்ஜியத்தின் வாரெகெமில் முடிந்த பந்தயத்தில் நடந்ததைப் பற்றிக் கேட்டால், இங்கே எல்லாரும் டூர் த பிரான்ஸின் மோன் வென்டூ மலை வெற்றியையும், அதே டூரில் 2022இல் புள்ளிகளில் முதலிடத்துக்காகப் பெற்ற பச்சை ஜெர்சியையும் எடுத்துக் காட்டுகிறீர்கள். அவை பொய்யென்று யார் சொன்னது?

அன்று முன்னணியில் நான்கு பேர். மூவர் விஸ்மா குழுவினர்: வான் ஆர்ட், ஜோர்கென்சன், பெனூட். எதிரே அமெரிக்கரான நீல்சன் பௌலெஸ் ஒருவர் மட்டும். மூவரும் மாறி மாறிப் பாய்ந்திருந்தால், ஒவ்வொரு முறையும் பௌலெஸ்தான் துரத்தியாக வேண்டும். எத்தனை முறை துரத்துவார்? ஆனால் வான் ஆர்ட் ஸ்பிரிண்ட் வேண்டும் என்றார். மற்ற இருவரும் அவர் பின்னால் களைப்பின்றி வருவதற்காக முன்னால் ஓட்டிக் காற்றைத் தாங்கி இழுத்தார்கள். வெற்றிக்கோட்டில் பௌலெஸ் முந்திவிட்டார். இதைத் துரதிருஷ்டம் என்று எழுதுகிறவர்கள் பந்தயத்தைப் பார்க்கவில்லை.

பச்சைச்சட்டை

துரதிருஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். தவறுதான். போட்டி முடிந்ததும் அவரே முன்வந்து, தன் சுயநலத்தால் வந்த வினை என்று ஒப்புக்கொண்டார், குழுவை மாட்டிவிடவில்லை. ஏற்கெனவே தலைகுனிந்து நிற்கும் மனிதரை இன்னும் எத்தனை வாரம் குட்டுவீர்கள்?

அது எந்தப் பந்தயம் என்பதையும் மறந்துவிட்டீர்கள். 2024 மார்ச்சில் அதே பந்தயத்தில்தான் விழுந்து கழுத்தெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகள் எல்லாம் முறிந்தன. அந்த ஆண்டு ஃபிளாண்டர்ஸ் போயிற்று, ரூபே போயிற்று, இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோவும் போயிற்று. திரும்பி வந்த ஒருவர் அங்கேயே வென்றாக வேண்டும் என்று துடித்தார். அந்தத் துடிப்பில் கணக்குத் தப்பியது.

இன்னொன்று. ஃபிளாண்டர்ஸில் அவருக்கு முன்னால் வந்தவர்கள் பொகாச்சர், பெடர்சன், வான் டெர் பூல். ரூபேயில் வான் டெர் பூல், பொகாச்சர், பெடர்சன். வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது. இன்றைய தலைசிறந்த இந்த மூவருக்கு அடுத்து வருவதை வீழ்ச்சி என்றால், மீதிப் பேரை எல்லாம் என்னவென்று சொல்வீர்கள்?

கல்பாதை

மீதிப் பேரை நான் ஆதரிக்கவில்லையே. 2023 ரூபேயில் கார்ஃபூர் தெ லார்ப்ர் கல்சாலையில் டயர் பஞ்சராகும்வரை வான் டெர் பூலுக்கு ஈடுகொடுத்தவர் இவர். இந்த ஆண்டு வான் டெர் பூலும் பொகாச்சரும் பிரிந்து போனபோது பின்னால் இருந்தார். இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு ரசிகன் பார்க்கக் கூடாதா?

சேற்றுச்சக்கரம்

இருவரும் வாரெகெமிலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அட்டவணை. மிலன்–சான் ரெமோ அவர் 2020இல் வென்ற பந்தயம். மான்யுமென்ட் எனப்படும் ஐந்து பெரும் ஒருநாள் பந்தயங்களில் அவர் கையில் இருப்பது அது ஒன்றுதான். இரண்டு ஆண்டுகளாக அதை விட்டுவிட்டு டெய்டே எரிமலையில் உயரப் பயிற்சிக்குப் போகிறார். ஃபிளாண்டர்ஸுக்கும் ரூபேக்கும் உடலைச் சேமிக்கிறாராம். சேமித்ததன் பலன் இரண்டு நான்காம் இடங்கள். எதிராளியின் சக்கரத்தை ஒட்டிப் பதற்றத்தோடு இடம்பிடிப்பதெல்லாம் மலையுச்சியில் தனியாக ஓட்டினால் வருமா?

சைக்ளோகிராஸில் 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று முறை உலகச் சாம்பியனாக இருந்தவர், வாராவாரம் சேற்றில் முட்டி மோதி வளர்ந்தவர். அவரை இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பது எனக்குப் புரியவில்லை. குறை சொல்வதானால் திட்டம் போட்டவர்களைச் சொல்லுங்கள்.

மலையேற்றம்

முழங்காலை மறந்துவிட்டீர்களே? கடந்த ஆண்டு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் மூன்று கட்டங்களை வென்று, பச்சை ஜெர்சியோடு மலை ஜெர்சிப் புள்ளிகளிலும் முன்னணியில் இருந்தார். 16ஆம் கட்டத்தில் இறக்கத்தில் விழுந்து, முழங்கால் கிழிந்து வெளியேறினார். ஒரே ஆண்டில் இரண்டு பெரிய விபத்துகள். விழுந்தவன் இறக்கத்திலும் நெரிசலிலும் ஒரு கணம் முன்னதாகப் பிரேக்கைத் தொடுவான். அந்த ஒரு கணத்துக்குள் நல்ல இடம் போய்விடும். இது என் ஊகம்தான். ஆனால் வாரெகெம் தந்திரத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கல்பாதை

விபத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். காயத்துக்கு நான் யாரையும் திட்டவில்லை.

என் கேள்வி ஜோர்கென்சனைப் பற்றியது. 2024இல் இதே வாரெகெம் பந்தயத்தை வென்றவர் அவர். "இல்லை வௌட், நான் பாய்கிறேன்" என்று சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. பெனூட்டும் நேற்று வந்தவர் அல்ல. இருந்தும் இருவரும் தலைவர் சொன்னபடி இழுத்தார்கள். பிரியத்தால்தான் இழுத்தார்கள், அந்தப் பிரியமே அவரைத் தோற்கடித்தது. இங்கே நாம் செய்வதும் அதைத்தானே? அவர் என்ன சொன்னாலும் சரி என்கிறோம். நான்காம் இடத்துக்கு ஒரு விளக்கம், இரண்டாம் இடத்துக்கு இன்னொரு விளக்கம் என்று தயாராக வைத்திருக்கிறோம்.

பச்சைச்சட்டை

அந்தப் பிரியம் சும்மா வந்ததா அண்ணா? 2023 கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் குழுத் தோழர் லாபோர்ட்டுக்கு வெற்றியை விட்டுக்கொடுத்தவர் யார்? 2022 டூரில் ஒத்தகாம் மலையில், தன் ஜெர்சி பச்சை என்பதையும் பொருட்படுத்தாமல், குழுத் தோழர் விங்கெகார்டுக்காக இழுத்து இழுத்துப் பொகாச்சரையே கழற்றிவிட்டவர் யார்? இத்தனை ஆண்டுகள் கொடுத்தவர் ஒரே ஒரு நாள் தனக்கென்று கேட்டார். தோழர்கள் கொடுத்தார்கள். பந்தயம் போனது வருத்தம்தான். அதற்காக ஜோர்கென்சன் மறுத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்பாதை

லாபோர்ட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று கோட்டுக்கு வந்தது இருவர் மட்டுமே, இருவரும் ஒரே குழு. யாருக்குக் கொடுத்தாலும் வெற்றி வீட்டுக்குள்தான் இருக்கும். வாரெகெமில் வெளியாள் ஒருவர் இருந்தார். அந்த வெளியாள்தான் பரிசை எடுத்துப் போனார்.

சேற்றுச்சக்கரம்

இது சரியான அடி. பச்சைச்சட்டை பதில் சொல்லட்டும்.

பச்சைச்சட்டை

சொல்கிறேன். தந்திரம் தவறு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டாயிற்று. அதையே திரும்பத் திரும்ப வென்று காட்டாதீர்கள். எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இதுதான்: நீங்கள் ஆதரவைத் தேர்வுத்தாள் திருத்துவதாக நினைக்கிறீர்கள். கடந்த செப்டம்பரில் விஸ்மா அவரோடு ஓய்வுபெறும்வரை நீடிக்கும் ஒப்பந்தம் போட்டது. சம்பளம் கொடுக்கிறவர்களே ஏப்ரல் முடிவுகளைப் பார்த்து அவரைக் கணக்கிடவில்லை. காசு கொடுக்காத நாம் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்?

மலையேற்றம்

ஜீரோ மே 9 அன்று அல்பேனியாவில் தொடங்குகிறது. அவருக்கு இது முதல் ஜீரோ. குழுத் தலைவர் சைமன் யேட்ஸ். இவருக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கல்பாதை

முதல் வாரத்தில் தனக்காக ஓட்டட்டும். முதல் கட்டம் முடியும் திரானாவில், முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சிக்குக் குறி வைக்கட்டும். அதன் பிறகு யேட்ஸுக்காக இழுக்கச் சொன்னால் இழுக்கட்டும். ஒத்தகாமில் செய்ததை மறுபடி செய்தால் நானே முதலில் வந்து புகழ்ந்து எழுதுகிறேன். ஆனால் மூன்று பேர் ஒருவரோடு வந்து, மறுபடியும் ஸ்பிரிண்ட் கேட்டால், இதே கேள்வியை இதே இடத்தில் கேட்பேன்.

பச்சைச்சட்டை

கேளுங்கள். நான் அப்போதும் அவர் பக்கம்தான் இருப்பேன்.