திகில் ரசிகர்களின் புகைப்படப் போட்டி: "இது கற்பனை" என்று படத்துக்குள்ளேயே எழுத வேண்டுமா?

இருட்டறை:
எல்லோருக்கும் வணக்கம். வருகிற அமாவாசைக்கு நமக்குள் ஒரு போட்டி வைக்கலாம் என்று இருக்கிறேன். காசு, கோப்பை எதுவும் கிடையாது. ஜெயித்தவர் அடுத்த போட்டியை நடத்துவார், அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் நீங்களே எடுத்த ஒரு சாதாரணப் படம் வேண்டும். பஸ் ஸ்டாண்ட், ரேஷன் கடை, பள்ளிக்கூட மைதானம், எதுவானாலும் சரி. அதில் அங்கே இருக்கக் கூடாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். கீழே ஐந்து வரிக்குள் ஒரு குறிப்பு. ரத்தம் வேண்டாம். அடையாளம் தெரிகிற மாதிரி யார் முகமும் வேண்டாம்.

யோசனை எங்கிருந்து வந்தது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். 2009 ஜூனில் சம்திங் ஆஃபுல் என்ற இணையத் தளத்தில் இதே போல ஒரு போட்டி நடந்தது. சாதாரணப் படங்களை அமானுஷ்யப் படங்களாக மாற்ற வேண்டும். விக்டர் சர்ஜ் என்ற பெயரில் எரிக் க்னுட்சன் அதில் போட்ட இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் ஸ்லெண்டர் மேன் பிறந்தது. முகமில்லாத, கோட்டு சூட்டு போட்ட அந்த நெட்டை உருவம். அதே மாதம் அதை வைத்து யூடியூப்பில் மார்பிள் ஹார்னெட்ஸ் என்ற திகில் தொடர் தொடங்கியது, 2012ல் கேம் வந்தது, 2018ல் சினிமாவும் வந்தது. விளையாட்டாக நடந்த ஒரு போட்டிக்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

கடைசி விதி: படத்தின் உள்ளேயே, ஓரத்தில், "போட்டிப் படம், கற்பனை" என்று இருக்க வேண்டும். கீழே குறிப்பில் மட்டும் எழுதினால் போதாது.

செகண்ட்ஷோ:
போட்டி அருமை, சகோ. கண்டிப்பாகக் கலந்துகொள்வேன். ஆனால் அந்தக் கடைசி விதியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன அந்த ஸ்லெண்டர் மேனையே அது கொன்றிருக்கும்.

இரண்டாவது படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு விளையாட்டு மைதானம், சறுக்குமரம், பிள்ளைகள். முதல் பார்வையில் ஒன்றுமே தெரியாது. அப்புறம்தான் பின்னால் மர நிழலில் நிற்பது கண்ணில் படும். இத்தனைக்கும் பயம் படத்தில் பாதிதான், மீதி கீழே இருக்கிற குறிப்பில். ஒரு நூலகத் தீ விபத்தில் மிஞ்சிய படம், 1986ல் எடுத்தது, பதினான்கு குழந்தைகள் காணாமல் போன அதே நாள், உருவத்தின் கோணலைப் பிலிம் கோளாறு என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள், படம் எடுத்தவரையும் காணவில்லை. கோப்பில் எழுதுகிற மாதிரி ஒரு வறண்ட தொனி. "பிலிம் கோளாறு" என்ற இடத்தில்தான் எனக்கு முதுகு சில்லிட்டது. பயமுறுத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒருவர் எழுதியது போல இருக்கிறது.

அதன் ஓரத்தில் "கற்பனை" என்று முத்திரை குத்திப் பாருங்கள். அந்த அதிகாரி நடிகராகிவிடுவார். திகிலில் மற்ற எல்லாவற்றையும் விட்டுக் கொடுக்கலாம், "இது நடந்திருக்குமோ" என்கிற அந்த ஒரு நொடியை மட்டும் கொடுக்க முடியாது.

தேனாடு_ரசிகை:
நான் மட்டக்களப்பு. இருட்டறை அண்ணா சொன்ன விதி இருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

2011 ஆகஸ்டில் எங்கள் பக்கம் கிறீஸ் பூதம் என்று ஒரு கதை பரவியது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்ட ஆட்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்று. கிழக்கில், மலையகத்தில், யாழ்ப்பாணத்தில், புத்தளத்தில் எல்லாம் சனம் நித்திரையில்லாமல் கிடந்தது. எங்கள் ஒழுங்கையில் ஆண்கள் பொல்லோடு இரவிரவாகக் காவல் இருந்தார்கள். தெரியாத ஆள் ஒருவர் சந்தியில் நின்றாலே பத்துப் பேர் சூழ்ந்துவிடுவார்கள். மலையகத்தில் பூதம் என்று சந்தேகித்து இரண்டு பேரை அடித்தே கொன்றார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார்.

"இது நடந்திருக்குமோ" என்கிற நொடி என்கிறீர்கள். எங்களுக்கு அது கிழமைக்கணக்கில் நீண்டது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு உருவம் நிற்கிற படம், கீழே "பிள்ளைகள் காணாமல் போனார்கள்" என்று ஒரு குறிப்பு. அது அந்த ஊர் அம்மாக்களின் போனுக்குப் போனால் என்ன நடக்கும்?

செகண்ட்ஷோ:
தங்கச்சி, நீங்கள் பட்டதைச் சின்னதாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கிறீஸ் பூதத்தை யாரும் போட்டோஷாப்பில் செய்யவில்லை. அது வாய் வழியாகப் போனது. போர் முடிந்து இரண்டு வருஷம், எங்கு பார்த்தாலும் ராணுவம், யாரையும் நம்ப முடியாத நிலைமை. அந்தப் பயத்துக்கு ஏற்கெனவே விறகு அடுக்கி வைத்திருந்தது. நாம் வைக்கப் போவது நம்மைப் போன்ற ரசிகர்களுக்கான போட்டி. இதன் மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமா?

தேனாடு_ரசிகை:
பழி போடவில்லை அண்ணா. வெறும் வாய்க்கதைக்கே அவ்வளவு நடந்தது, கையில் படமும் இருந்திருந்தால் என்று யோசியுங்கள் என்கிறேன். விறகு இப்போதும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

இருட்டறை:
கீழே குறிப்பில் எழுதினால் ஏன் போதாது என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். இங்கேயே சொல்லிவிடுகிறேன். படத்தை ஒருவர் இங்கிருந்து சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம் குறிப்பு அதோடு சேர்ந்து போகாது, படம் மட்டும்தான் போகும். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று கோப்புக்குள் இருக்கிற விவரங்களையும், படமாக அனுப்பும்போது, வாட்ஸ்அப் கழற்றிவிடுகிறது. அதனால் படத்தோடு ஒட்டிக்கொண்டு போகக்கூடியது படத்திலேயே இருக்கிற எழுத்து ஒன்றுதான். வெட்டி எடுத்தால் போய்விடும், உண்மை. ஆனால் வேண்டுமென்று வெட்டுகிறவர் ஒருவர், தெரியாமல் அனுப்புகிறவர்கள் நூறு பேர். நான் யோசிப்பது அந்த நூறு பேருக்காக.

பிட்நோட்டீஸ்:
நடுவில் வருகிறேன். ஓட்டெடுப்பா, நடுவரா? இதைச் சொல்லாமலே போட்டி என்கிறீர்கள். லைக்கை எண்ணினால் நண்பர்கள் அதிகம் உள்ளவர்தான் ஜெயிப்பார். ஏபிசிஸ் ஆஃப் டெத் என்ற திகில் குறும்படத் தொகுப்புக்கு ஆங்கில எழுத்துக்கு ஒரு குறும்படம், 26 எழுத்து, 26 இயக்குநர் என்று வைத்து, ஒரே ஒரு இடத்தைப் போட்டிக்கு விட்டார்கள். களிமண் பொம்மை அனிமேஷன் செய்கிற லீ ஹார்ட்கேஸில் அந்த இடத்தைப் பிடித்தார். அப்படி எதிர்பாராத ஆள் மேலே வர வேண்டுமானால், படங்கள் எல்லாம் வந்து முடியும் வரை யார் செய்தது என்று பெயரை மறைத்து வையுங்கள். ஏஐயில் செய்த படங்களைச் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. "நீங்களே எடுத்த படம்" என்ற விதியே அதற்குப் போதும்.

இருட்டறை:
பெயர் மறைப்பது நல்ல யோசனை, சேர்த்துக்கொள்கிறேன். ஏஐ கிடையாது.

பழைய_விசிஆர்:
முத்திரை விஷயத்தில் யாரும் கோஸ்ட்வாட்ச் என்ற டிவி நிகழ்ச்சி பற்றிப் பேசாதது ஆச்சரியமாக இருக்கிறது. 1992 அக்டோபர் 31 இரவு பிபிசியில் ஒளிபரப்பானது. பேய் வீடு ஒன்றிலிருந்து நேரலை என்ற வடிவம். மைக்கேல் பார்கின்சன் என்ற நிஜமான, எல்லோரும் மதிக்கிற பேட்டியாளர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து நடத்துவார். ஆனால் அது முன்பே எடுத்து வைத்த நாடகம். பேய் சில காட்சிகளில் சும்மா பின்னணியில் நிற்கும், யாரும் அதைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள். திரைச்சீலை ஓரத்தில் இருக்கிறதா இல்லையா என்று நாமே திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். இந்தப் போட்டிக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது, எல்லோரும் பாருங்கள்.

விஷயம் என்னவென்றால், தொடக்கத்திலேயே எழுதியவர் பெயர் திரையில் வந்தது. நிகழ்ச்சியில் காட்டிய எண்ணுக்குப் போன் செய்தால் இது கற்பனை என்று முதலில் சொல்லும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் அத்தனை பேர் கூப்பிட்டதில் பலருக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைக்காததே நிஜம் என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது! குழந்தைகள் அதைப் பார்த்து நீண்ட நாள் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழில் எழுதினார்கள். பிபிசி அதற்கப்புறம் அதை மறுஒளிபரப்பே செய்யவில்லை.

செகண்ட்ஷோ:
விசிஆர் சார் என் பக்கத்துக்கே ஆதாரம் தருகிறார். பெயர் போட்டார்கள், போனில் சொன்னார்கள், ஆனாலும் நம்பினார்கள். அப்படியானால் முத்திரை வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? வேலை செய்யாத ஒன்றுக்காகப் படத்தை ஏன் கெடுக்க வேண்டும்? 1999ல் பிளேர் விட்ச் என்ற திகில் படம் வந்தபோது நடிகர்களைக் காணவில்லை என்று நோட்டீஸே அடித்தார்கள். அந்தத் துணிச்சல் இல்லாமல் இன்றைக்குப் பாதி திகில் படங்கள் இல்லை.

பழைய_விசிஆர்:
இல்லை தம்பி. கோஸ்ட்வாட்சில் முத்திரை தொடக்கத்தில் ஒரு தடவை வந்து போனது, நடுவில் டிவியைப் போட்டவருக்கு அது தெரியாது. போனில் இருந்தது, போன் கிடைக்கவில்லை. இரண்டுமே பார்க்கிறவர் கண்ணில் படாத இடத்தில் இருந்தன. இருட்டறை கேட்பது எப்போது பார்த்தாலும் தெரிகிற இடத்தில் போடச் சொல்லி. அதைத்தான் யாரும் அங்கே செய்யவில்லை. பிளேர் விட்ச் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அந்த நாயகியின் அம்மாவுக்கு அனுதாப அட்டைகள் வந்தன, மகள் உயிரோடு இருக்கும்போதே. அதைத் துணிச்சல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தேனாடு_ரசிகை:
செகண்ட்ஷோ அண்ணா, 2009 போட்டிக்கே திரும்ப வருகிறேன். அங்கே வந்த ஒவ்வொருவருக்கும் இது பொய்ப்படம் என்று தெரியும். போட்டியே "பொய்ப்படம் செய்யுங்கள்" என்பதுதான். முத்திரை படத்தில் இல்லை, ஆனால் வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. தெரிந்துகொண்டேதான் அத்தனை பேரும் பயந்தார்கள், தெரிந்துகொண்டேதான் அதற்குத் தாங்களும் கதை எழுதினார்கள். "பிலிம் கோளாறு" என்ற வரி உங்களைச் சில்லிட வைத்ததாகச் சொன்னீர்கள். அது போட்டிக்காக எழுதியது என்று அப்போது உங்களுக்குத் தெரியாதா?

வாசலைத் தாண்டி வெளியே போன பிறகுதான் பிரச்சினை. 2014 மே 31, விஸ்கான்சினில் இரண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஸ்லெண்டர் மேனுக்காக என்று சொல்லித் தங்கள் தோழியை 19 தடவை கத்தியால் குத்தினார்கள். அந்தப் பிள்ளை தவழ்ந்து வந்து உயிர் தப்பியது. அவர்கள் அதைத் தெரிந்துகொண்டது அந்தப் போட்டியில் இல்லை, இணையக் கதைத் தளம் ஒன்றில்.

செகண்ட்ஷோ:
தெரியும், தெரிந்துதான் பார்த்தேன். அதை மறுக்கவில்லை. ஆனால் நான் படம் பார்த்தபோது முத்திரை என் கண்ணில் இல்லை, என் மூளையில் இருந்தது. இரண்டும் வேறு. மூளை சொல்வதைக் கண் கொஞ்ச நேரம் மறக்கும், அந்த இடைவெளியில்தான் திகில் நடக்கிறது. எழுத்து கண் முன்னால் இருந்தால் மறக்கவே முடியாது.

விஸ்கான்சின் வழக்கில் இரண்டு பேருக்கும் மனநலப் பாதிப்பு இருந்ததாகத்தான் முடிவானது, மனநல மருத்துவமனைக்குத்தான் அனுப்பினார்கள். ஓரத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

தேனாடு_ரசிகை:
சொல்ல முடியாதுதான். அந்தப் பிள்ளைகளை அது தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் பொல்லோடு நின்றவர்களுக்கு மனநலப் பாதிப்பு எதுவும் இல்லை. சாதாரண மனிதர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். "கற்பனை" என்று ஒரு சொல் கண்ணில் பட்டால் நின்று யோசிக்கக் கூடியவர்கள். எனக்கு விதி வேண்டும் என்பது அவர்களுக்காக.

பிட்நோட்டீஸ்:
கண்ணா மூளையா என்றால் ஒரு வழி இருக்கிறது. எழுத்தைப் படத்தின் மேல் போடாமல் கீழே தனிப் பட்டையாக ஒட்டினால்? அந்தக் காலத்துப் போட்டோவுக்கு வெள்ளை ஓரம் இருக்குமே, அது போல. படத்தின் ஒரு புள்ளியைக்கூடத் தொடாது. கோப்பு ஒன்றுதான், அதனால் ஃபார்வர்டிலும் கூடவே போகும்.

செகண்ட்ஷோ:
பட்டை இருந்தாலும் எனக்கு உறுத்தும். என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் படத்துக்கு உள்ளே எழுதுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஒரே ஒரு வேண்டுகோள்: இங்கே போடும்போது பட்டை இல்லாத படத்தைப் பெரிதாகக் காட்ட வழி உண்டா?

இருட்டறை:
இல்லை. பட்டை இல்லாத கோப்பு ஒன்று இருந்தால் அதுதான் வெளியே போகும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விதிகளைத் திருத்திவிட்டேன். படத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டை, உயரம் படத்தில் பத்தில் ஒரு பங்கு. அதில் கறுப்பு எழுத்தில் "போட்டிப் படம், கற்பனை", போனில் பெரிதாக்காமலே வாசிக்க முடிய வேண்டும். பள்ளிக்கூடம், கோவில், ஆஸ்பத்திரிப் பெயர்ப் பலகைகளை மறைத்துவிடுங்கள். செய்தவர் பெயர் ஓட்டெடுப்பு முடிந்த பிறகுதான் வரும். படங்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

செகண்ட்ஷோ:
சரி. ஆற்றுப்பாலம் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். தங்கச்சி, நீங்களும் அனுப்ப வேண்டும்.

தேனாடு_ரசிகை:
அனுப்புவேன் அண்ணா. கல்லடிப் பாலம் இருக்கிறது என்னிடம். பாலத்துக்குப் பாலம் பார்த்துவிடலாம்.